மெசினுக்குள் ஒரு சிரட்டை

தண்ணீர்ப் போத்தல் கட்டை யாரோ இழுக்கும் சத்தம் கேட்டதும் சுபாங்கி எழுந்து குசினிக்கு ஓடினாள்.

"மாமி, அதைத் தொடாதேங்கோ!"

குரல் அவள் நினைத்ததைவிட உரத்து வந்துவிட்டது. முன்னறையில் பேச்சு நின்றது. தில்லைநாயகி மாமி ஒரு கையில் சோறு ஒட்டிய கடதாசிக் கோப்பைகளோடு நிமிர்ந்தாள்.

"மெசினுக்கை போட்டு நசிப்பம் எண்டு பாத்தன் பிள்ளை. வாசலிலை குப்பை கட்டின பூபெல் பை நிரையா நிக்குது. இனி ஆர் உதுகளை அஞ்சு மாடி இறக்கிறது?"

"நான் இறக்கிறன். தாங்கோ."

மாமி கோப்பைகளைக் கொடுத்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"அண்ணையின்ரை சாமான் எண்டு பாக்கிறாய். விளங்குது."

முன்னறைக்குப் போய் அங்கிருந்தவர்களுக்கும் சொன்னாள். "பாவம் பெட்டை. மாமனிலை சரியான பட்சம்."

சுபாங்கி போத்தல் கட்டை முழங்காலால் தள்ளிப் பழைய இடத்தில் வைத்தாள். பின்னால் இருந்த மெசினைப் பார்க்கவில்லை.

அவளுடைய மாமனார் புண்ணியமூர்த்தி போன வியாழக்கிழமை இறந்தார். நகரசபையான மேரியில் பதிவு, எரிக்கும் இடத்தில் நேரம் என்று இழுபட்டு, இன்று பின்னேரத்துக்குத்தான் நாள் கிடைத்தது. பிரேதம் எரியும்வரை வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று தில்லைநாயகி மாமி முதல் நாளே சொல்லிவிட்டாள். அவள் இறந்தவரின் தங்கை. சார்செலில் இருந்து காலையில் ரயிலேறி வந்து இரவில் போனாள். சாப்பாடு அயலவர்கள் வீட்டிலிருந்தும், சுபாங்கியின் கணவன் கரிகாலன் சமையல் வேலை செய்த ரெஸ்ரோறனில் இருந்தும் வந்தது. கடதாசிக் கோப்பை, கடதாசிக் கப். பாத்திர அலுமாரியை ஒருவரும் திறக்கவில்லை.

"ஊரிலை எண்டால் ஒரு நாள் பட்டினி. இஞ்சை மேரிக்காரன் விடுமட்டும் பட்டினி," என்றார் ஸ்ரனிஸ்லாஸ். இறந்தவரின் கூட்டாளி. சொல்லிவிட்டு இரண்டாம் தரம் இடியப்பம் போட்டுக்கொண்டார்.

சுபாங்கி தேநீர் மட்டும் குடித்தாள்.

வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். நல்ல சா. கிடக்கவில்லை, இழுக்கவில்லை. கரிகாலனும் அதையே சொன்னான். அவனுடைய தாய் பாரிசவாதம் வந்து மூன்று வருடம் படுக்கையில் கிடந்தவள். தகப்பனுக்கும் அப்படித்தான் வரும் என்று அவன் தன்னைத் தயார்படுத்தி வைத்திருந்தான். இப்போது அவன் முகம் இளகியிருந்தது. அழுதான், நன்றாகத் தூங்கினான், சவரம் செய்தான்.

"எங்கை தம்பி விழுந்தவர்?"

"குசினிக்கை. மெசினடியிலை."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவன் அதைச் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் சுபாங்கி எழுந்து அடுத்த அறைக்குப் போனாள்.

அது குப்பை அமுக்கும் மெசின். இடுப்பளவு உயரம், வெள்ளைத் தகரம், முன்பக்கம் இழுத்துத் திறக்கும் ஒரு ஆழமான லாச்சி. லாச்சிக்குள் பை. குப்பையைப் போட்டுச் சாத்தி, சாவித் துவாரத்தில் திறப்பைத் திருப்பி, பொத்தானை அமத்தினால் மேலிருந்து இரும்புத் தட்டு இறங்கி நெரித்துவிட்டு ஏறும்.

புண்ணியமூர்த்தி பதினாறாம் வட்டாரத்தில் ஒரு அமெரிக்கச் சோடியின் வீட்டைத் துப்புரவு செய்தவர். நாடு திரும்பும்போது அவர்கள், வீட்டில் விரும்பியது ஒன்றை எடுத்துக்கொள் என்றார்கள். படங்களும் வெண்கல விளக்குகளும் இருந்த வீடு. அவர் இதைக் கேட்டார். காரணம் ஐந்து மாடி. லிஃப்ட் இல்லை. குப்பைத் தொட்டிகள் கீழே முற்றத்தில்.

அவரும் ஸ்ரனிஸ்லாசும் பட்டி கட்டித் தூக்கி வந்தார்கள். மூன்றாம் மாடி வளைவில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். அந்த வளைவில் எல்லாரும்தான் மூச்சு வாங்குவார்கள். அங்கே வைத்து ஸ்ரனிஸ்லாஸ் கேட்டது இன்றும் வீட்டில் சொல்லப்படும். "குப்பையைக் கீழை கொண்டுபோகப் பஞ்சியிலை, ஒரு யானையை மேலை ஏத்திறியே மச்சான்?"

அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்த மெசின். சுவருக்கும் அதற்கும் இடையில் மின்சாரத்தை மாற்றித் தர, செங்கல் அளவில் ஒரு இரும்புப் பெட்டி தேவைப்பட்டது. பிளக்கைச் சுவரில் குத்தியதும் அந்தப் பெட்டி இரையத் தொடங்கும். கழற்றும்வரை ஓயாது.

சட்டங்கள் அவர் போட்டவை. போத்தல் கூடாது, கண்ணாடி தெறிக்கும். விசிறுகிற தகர டப்பா கூடாது, வெடிக்கும். பற்றரி கூடாது. மீன் கழிவு அன்றைக்கே கீழே போக வேண்டும். பை அரைவாசி நிறைந்ததும் கட்டிவிட வேண்டும். முழுக்க நிறைந்தால் அமுங்கிய குப்பை கல்லாகிவிடும், தூக்குகிறவனின் முதுகு போய்விடும். கையாலோ காலாலோ எதையும் உள்ளே தள்ளக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, சிரட்டை கூடாது.

"அமெரிக்கன் தேங்காய் திருவிறேல்லை பிள்ளை," என்பார். "அவன் சிரட்டையை நினைச்சு மெசின் செய்யேல்லை."

சனிக்கிழமைகளில் கழுவுவார். தட்டு மேலே ஏறி நிற்கிறதா என்று முதலில் பார்ப்பார். திறப்பை உருவி ஆணியில் கொழுவுவார். பிளக்கைக் கழற்றி வயரைச் சுற்றிப் பெட்டியின் மேல் வைப்பார். இரைச்சல் நின்றுவிட்டதா என்று காது கொடுத்துக் கேட்பார். அதற்குப் பிறகுதான் தடித்த கையுறை. தட்டின் அடியில் கூரானது ஏதும் ஒட்டியிருக்கும் என்று வெறுங்கையால் ஒருநாளும் தொட்டதில்லை. வெந்நீர், சவர்க்காரம், துணி. காயவிட்டு ஈரமில்லை என்று பார்த்துப் புதுப் பையின் மூலைகளைக் கொழுவுவார். எல்லாம் முடிந்த பிறகு கையுறையைக் கழற்றி, ஒரு பாதித் தேசிக்காயை லாச்சியின் விளிம்பெல்லாம் தேய்த்து, தோலைப் பையின் அடியில் போடுவார்.

சட்டத்தை மீறியவரை ஏச மாட்டார். ஒருமுறை பழஞ்சோற்றோடு ஒரு கரண்டியும் மெசினுக்குள் போய்விட்டது. போட்டவள் சுபாங்கி. அவர் அதை எடுத்துக் கழுவி, வளைந்தபடியே, இரவு அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையின் நடுவில் வைத்திருந்தார். முன்னறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

வியாழக்கிழமை காலை அவள் சம்பலுக்குத் தேங்காய் திருவினாள். சிரட்டை சேர்க்கும் பை ஜன்னலோரம் நிறைந்து கிடந்தது. பள்ளிக்கூடக் கந்தீனில் வேலை, பிந்திவிட்டது. சிரட்டையைக் கடை விளம்பரத் தாளில் சுற்றி லாச்சிக்குள் போட்டு அமத்தினாள். தட்டு பாதி இறங்கியது. கர்ரென்றது. நின்றது. லாச்சி திறபடவில்லை.

மாமா அறைக்குள் இருமினார். சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. பின்னேரம் வந்து தானே எடுத்துவிடலாம், அவருக்குத் தெரியவே வேண்டாம் என்று நினைத்தாள். திறப்பை மெசினிலேயே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

பாரம் தூக்கக்கூடாது, மூச்சுப் பிடித்து எதையும் இழுக்கக்கூடாது என்று இருதயம் பார்க்கும் கார்டியோலோக் அவருக்குச் சொல்லியிருந்தார்.

மத்தியானச் சமையல் முடிந்து வந்த கரிகாலன்தான் அவரைக் கண்டான். சுபாங்கி வந்து சேர்ந்தபோது அம்புலன்சில் வந்த பொம்பியேக்கள் அவரை முன்னறைக்குத் தூக்கி வந்து, செய்ய வேண்டியதைச் செய்து முடித்து, முகத்தையும் மூடிவிட்டார்கள். இருதயம் என்றார்கள். ஒருவரும் வேறெதையும் கேட்கவில்லை.

அன்றிரவு அவள் தண்ணீர்ப் போத்தல் கட்டுகளை இழுத்து வந்து மெசினுக்கு முன்னால் அடுக்கினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அடுக்கினாள்.

அவர் தேத்தண்ணி போட வந்திருப்பார். ஏதோ போட லாச்சியை இழுத்திருப்பார். வந்திருக்காது. இன்னும் பலமாக இழுத்திருப்பார். இந்த வாரம் முழுக்க அவள் அந்த இடம்வரை போனாள். அதற்கு அப்பால் போகவில்லை.

பின்னேரம் சவச்சாலை மண்டபத்தில் கிரியைச் சுண்ணம் இடிக்க உரல் வைத்தார்கள். செவ்ரானில் இருந்து யாரோ கொண்டுவந்த சின்ன உரல். ஐயர் பாடப்பாட கரிகாலன் இடித்தான். உலக்கை இறங்கியது, ஏறியது. சுபாங்கி பூமாலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாய்க்கரிசி போடும்போது மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அது ஏதோ பகிடியை அடக்கிக்கொண்டிருக்கும் முகம் போல இருந்தது. சவச்சாலைக்காரர் அப்படி வைத்திருப்பார்கள் என்று நினைத்தாள்.

எரிக்கும் இடத்தில் பெட்டி உள்ளே போனதும் எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். மழை வரும் என்றிருந்தார்கள், வரவில்லை. கரிகாலன் சால்வையால் முகத்தைத் துடைத்தான்.

"எல்லாம் நல்லபடி முடிஞ்சுது," என்றான்.

"ஓம் தம்பி. ஒரு குறையும் இல்லை," என்றாள் மாமி.

"அங்கிள், ஒண்டு சொல்ல வேணும்." கரிகாலன் ஸ்ரனிஸ்லாஸ் பக்கம் திரும்பினான். "அண்டைக்கு நான் நெஞ்சை அமத்திக்கொண்டிருக்கேக்கை, அப்பாவின்ரை கை இஞ்சை, என்ரை முகத்துக்குக் கிட்ட. ஒரே தேசிக்காய் மணம்."

"அது சாமி மணம் தம்பி," என்றாள் மாமி. "அண்ணை விரதம் பிடிச்ச மனிசன்."

"மச்சான் விரதம் பிடிச்சது எனக்கும் தெரியும்," என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "காலமை பிடிப்பான். மத்தியானம் என்னோடை வந்து கொத்துரொட்டி திண்டுபோட்டுப் பின்னேரம் திரும்பப் பிடிப்பான்."

மாமி அவரை முறைத்தாள். பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கரிகாலனும் சிரித்தான்.

சுபாங்கி சிரிக்கவில்லை.

தேசிக்காய் கடைசியில்தான் வரும். துடைத்து, காயவிட்டு, பை போட்ட பிறகு.

அல்லது தலைசுற்றித் தேசிக்காய்த் தண்ணி கரைக்கப் போயிருப்பார். அதுவும் இருக்கலாம்.

"சுபா, காருக்கை ஏறுமன்," என்றான் கரிகாலன். "என்ன யோசிச்சுக்கொண்டு நிக்கிறீர்?"

வீட்டுக்கு வந்து எல்லாரும் ஒருவர் பின் ஒருவராகக் குளித்தார்கள். ஒரே குளியலறை. சுபாங்கி கடைசியாகக் குளித்தாள். அவள் வெளியே வந்தபோது தில்லைநாயகி மாமி குசினி வாசலில் நின்றாள்.

"இனி அடுப்பு மூட்டலாம் பிள்ளை. எல்லாருக்கும் ஒரு தேத்தண்ணி போடுறன். கப் எங்கை இருக்கு?"

"நான் போடுறன் மாமி. உங்களுக்கு ரயில் போயிடும்."

"அடுத்தது இருக்குத்தானே."

"அடுத்தது சனமா இருக்கும். நிண்டுகொண்டு போகவேணும். உங்கடை முழங்காலுக்கு."

மாமி தன் முழங்காலைப் பார்த்தாள். "அதுவும் சரிதான்," என்றாள். ஆனால் போகவில்லை. பெட்டியில் மீந்திருந்த வடையை யார் எடுப்பது, எட்டுச்செலவுச் சடங்குக்கு என்ன சமைப்பது, ஐயர் பாதிப் பாட்டைத் தாண்டிப் போனாரா இல்லையா என்று கதைத்தாள். கடைசியில் ஸ்ரனிஸ்லாஸ்தான் எழுந்தார்.

"வாங்கோ தில்லை. கார் து நோர் ஸ்ரேசன் மட்டும் நானும் வாறன். வழியிலை ஃபொபூர் சேன்-தெனித் தெருக் கடையிலை நல்ல தேத்தண்ணியா வாங்கித் தாறன்."

"உம்மடை தேத்தண்ணி எனக்கு வேண்டாம். துடக்கு வீட்டுக்காரியைக் கடை கடையாக் கூட்டித் திரிய நிக்கிறீர்."

இருவரும் சண்டை பிடித்துக்கொண்டே இறங்கினார்கள். மூன்றாம் மாடியில் குரல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கியது.

கரிகாலன் சோபாவில் சாய்ந்தபடியே தூங்கிப்போனான். வாய் திறந்திருந்தது.

சுபாங்கி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே வெயில் இன்னும் எதிர்க் கூரையில் இருந்தது. போத்தல் கட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். கடைசிக் கட்டை நகர்த்தியதும் நின்றாள்.

சத்தம் இல்லை.

ஒரு வாரமாக வீடு நிறைய ஆட்கள். அவள் கேட்டிருக்கவே முடியாது. குளிர்சாதனப் பெட்டியை நிறுத்திவிட்டு மறுபடி கேட்டாள். இரும்புப் பெட்டி இரையவில்லை. குனிந்து பார்த்தாள். பிளக் கழற்றப்பட்டிருந்தது. வயர் சுற்றிப் பெட்டியின் மேல் இருந்தது.

மெசினில் திறப்பு இல்லை. பக்கச் சுவரில், குனிந்தால் மட்டும் தெரியும் ஆணியில் அது தொங்கியது.

லாச்சியின் பிடியைப் பிடித்தாள். மெதுவாகத்தான் இழுத்தாள். வந்தது.

உள்ளே புதுப் பை. மூலைகள் கொழுவப்பட்டிருந்தன. பையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் பாதித் தேசிக்காய்த் தோல் காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. குனிந்து தட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். துடைத்திருந்தது. கையுறைகள் சிங்குக்கு அடியில் குழாயில் காய்ந்தன. பக்கத்தில் குறடு.

சிரட்டையைக் காணவில்லை. ஜன்னலோரப் பையில் தேடினாள். அதில் இருந்தவை எல்லாம் பழையவை.

கேத்திலில் தண்ணீர் வைத்து அடுப்பை மூட்டினாள். கரிகாலன் எழும்பினால் தேத்தண்ணி கேட்பான். கப் எடுக்க அலுமாரியைத் திறந்தாள்.

அவளுடைய நீலக் கப்பின் மேல் சிரட்டை கவிழ்ந்து இருந்தது. தொப்பி போட்டது போல. தும்பு சுரண்டிக் கழுவியிருந்தது. விளிம்பில் ஒரு துண்டு உடைந்திருந்தது.

சுபாங்கி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கேத்தில் கொதித்துக் கூவத் தொடங்கியது. நிறுத்த அவளால் முடியவில்லை.

கதவு திறந்தது. கரிகாலன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான். அடுப்பை அணைத்தான்.

"என்ன சுபா?"

அவள் தலையாட்டினாள். கண்ணைத் துடைத்தாள்.

"மாமா எப்பிடிக் கிடந்தவர்?"

"ஏன் இப்ப?"

"சொல்லுங்கோ."

"கதிரையிலைதான். இஞ்சை, ஜன்னலடியிலை எந்த நாளும் இருப்பாரே. இருந்த இருப்பிலை மெசின் பக்கம் சரிஞ்சு கிடந்தார்." அவன் ஜன்னலோரத் தட்டைக் காட்டினான். "உதிலை தேத்தண்ணிக் கப். குடிச்சு முடிச்சிருந்தார். அடுத்த நாள் நான்தான் கழுவிச் சிங்கடியிலை கவிட்டு வைச்சனான். உமக்குச் சொல்லேல்லையோ?"

"இல்லை."

"ஒருத்தரும் அப்பிடிக் கேக்கேல்லை. எங்கை எண்டுதான் கேட்டவை."

ஜன்னலடியில் இப்போது கதிரை இல்லை. வந்தவர்களுக்காக முன்னறைக்குப் போயிருந்தது. அவன் போய் அதைத் தூக்கி வந்து பழைய இடத்தில் வைத்தான். வைத்தபோது கதிரையின் விளிம்பு மெசினில் முட்டியது. குசினி அவ்வளவுதான்.

"இரும்," என்றான்.

அவள் இருந்தாள்.

"என்ன செய்யுது உமக்கு?"

"பசிக்குது," என்றாள்.

மீந்திருந்த இடியப்பத்தை அவன் சூடாக்கப் போனான். அவள் விடவில்லை. பெட்டியை மடியில் வைத்துக் குளிர்ந்த சொதியை ஊற்றி அள்ளிச் சாப்பிட்டாள். அவன் தேத்தண்ணி போட்டான். அலுமாரியில் சிரட்டையைக் கண்டான்.

"இதென்ன இது?"

"இருக்கட்டும். எனக்கு மற்றக் கப்பிலை தாங்கோ."

அவன் அவளைப் பார்த்தான். அவருடைய கப்பில் ஊற்றிக் கொடுத்தான்.

சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு அவள் பிளக்கைச் சுவரில் குத்தினாள். பெட்டி இரைந்தது. வாசலில் நின்ற பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கடதாசிக் கோப்பைகளை லாச்சிக்குள் போட்டாள். போத்தலும் டப்பாவும் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் போட்டாள். திறப்பைத் திருப்பி அமத்தினாள். தட்டு இறங்கி, நெரித்து, ஏறியது. மறுபடி போட்டாள். மறுபடி அமத்தினாள். அரைப் பை ஆனதும் நிறுத்தினாள். திறப்பை உருவி ஆணியில் கொழுவினாள். பிளக்கைக் கழற்றினாள். காது கொடுத்துக் கேட்டாள்.

"நான் கொண்டுபோறன்," என்றான் கரிகாலன்.

"வேண்டாம். நான் போறன்."

பை பாரமாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முற்றத்துத் தொட்டிக்குள் அதைப் போட்டு மூடியைச் சாத்தினாள். முதலாம் மாடி ஜன்னலில் யாரோ மீன் பொரித்தார்கள். தெருவில் பஸ் ஒன்று மூச்சு விட்டு நின்று, போனது.

வெறுங்கையோடு மேலே ஏறினாள். மூன்றாம் மாடி வளைவில் நிற்கவில்லை.